சுவிட்சர்லாந்தில் குடும்பத்தோடு ரயில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூர் பஸ்ஸில் ஏறாமல், பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு சொந்தமாகச் சுற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிக்கெட் எடுக்கும் அன்று எஸ்பிபி ரயில்வேயின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஊர்களில் தங்கலாம்?

ஒரு வாரத்துக்கு இரண்டு ஊர் போதும். லுசேர்ன் பக்கம் மூன்று இரவு, இன்டர்லாக்கன் பக்கம் நான்கு இரவு என்று வைத்துக்கொண்டால், பேர் பெற்ற இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். லுசேர்னிலிருந்து சூரிச்சும் ஏங்கல்பெர்க்கும் முக்கால் மணி நேரம்தான். இன்டர்லாக்கனிலிருந்து பெர்ன் ஒரு மணிக்குள், செர்மாட் இரண்டேகால் மணி. அரை மணிக்கு ஒன்று, இல்லாவிட்டால் ஒரு மணிக்கு ஒன்று என்று ரயில் வந்துகொண்டே இருக்கும். 1982 முதல் நாடு முழுக்க இதே கணக்குதான்: 9.04-க்கு ஒரு ரயில் என்றால் 10.04-க்கும் 11.04-க்கும் உண்டு.

இன்டர்லாக்கனில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. மலை ரயில்களும் லுசேர்ன் ரயிலும் புறப்படுவது ஓஸ்ட் நிலையத்திலிருந்து. அறை போடும்போது அதற்குப் பக்கத்தில் பாருங்கள்.

நாள்வாரியாகத் திட்டம் போட்டு எல்லாவற்றையும் புக் செய்துவிடலாமா?

வேண்டாம். அறைகளை முன்பே போட்டுவிடுங்கள். எந்த நாளில் எந்த மலை என்பதை மட்டும் முடிவு செய்யாதீர்கள். டூர் ஏஜென்ட் தரும் அட்டவணையில் ‘செவ்வாய்: யுங்ஃபிராவ்’ என்று போட்டிருக்கும். செவ்வாயன்று உச்சியில் மேகம் மூடியிருந்தால், அத்தனை பிராங்கையும் கொட்டிக்கொடுத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். மலை நாள், ஏரி நாள், ஊர் நாள் என்று மூன்று வகையாக மனதில் வைத்துக்கொண்டு, முந்தின இரவு வானிலை பார்த்து எது என்று முடிவு செய்வதே புத்திசாலித்தனம்.

மேலே மேகம் இருக்கிறதா என்று கீழிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு உச்சியிலும் நேரலை கேமரா இருக்கிறது. பல ஓட்டல்களில் டிவியைப் போட்டாலே ஒரு சேனலில் மலைக் காட்சிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். கீழே மழைத் தூறலாகவும் மேலே வெயிலாகவும் இருப்பது உண்டு. நேர் எதிராகவும் நடக்கும். அதனால் ஜன்னலை நம்பாமல் கேமராவை நம்புங்கள். கோடையில் பிற்பகலில் மேகம் திரள்வது வழக்கம் என்பதால் மலைக்குப் போகிற நாளில் சீக்கிரம் எழுந்துதான் ஆகவேண்டும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மேயில்தான் வருகிறது. அப்போது போகலாமா?

போகலாம், ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். பனி உருகும் காலம் என்பதால் அருவிகளில் தண்ணீர் கொட்டும். பள்ளத்தாக்குகள் பச்சையாகி மஞ்சள் பூ பூத்துக் கிடக்கும். ஓட்டல்களிலும் ஜூலை, ஆகஸ்ட் நெரிசல் இருக்காது. மறுபக்கம், உயரத்தில் உள்ள நடைபாதைகள் இன்னும் பனிக்கு அடியில்தான் இருக்கும். பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காகச் சில வாரம் நிறுத்திவைப்பார்கள். பிரீன்ஸ் ரோட்ஹோர்ன் நீராவி ரயில், ஷினிகெ பிளாட்டெ ரயில் இரண்டும் ஜூன் வாக்கில்தான் ஓடத் தொடங்கும். ஆனால் யுங்ஃபிராவ், கோர்னர்கிராட், ரீகி ரயில்கள் ஆண்டு முழுவதும் உண்டு. பிள்ளைகள் பனியில் விளையாட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் மே மாதமே நிறைவு.

சுவிஸ் டிராவல் பாஸா, அரைக் கட்டண அட்டையா?

சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். அந்த நாட்களில் ரயில், பஸ், ஏரிப் படகு, ஊருக்குள் ஓடும் டிராம் எல்லாவற்றிலும் டிக்கெட் எடுக்காமல் ஏறி இறங்கலாம். நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்களுக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. ரீகி, ஸ்டான்சர்ஹோர்ன், ஸ்டோஸ் ஆகிய மூன்று மலைகளும் இதில் அடக்கம். மற்ற மலைகளுக்குப் பெரும்பாலும் பாதிக் கட்டணம். யுங்ஃபிராவ் மலை ரயிலின் உச்சி நிலையமான யுங்ஃபிராவ்யோக்கில் மட்டும் தள்ளுபடி கால்வாசிதான், அதுவும் கிரிண்டெல்வால்ட், வெங்கனுக்கு மேலே உள்ள பகுதிக்கு. அந்த ஊர்கள் வரை பாஸே போதும்.

அரைக் கட்டண அட்டை வேறு மாதிரி. ஒரு மாதம் செல்லும். யுங்ஃபிராவ் உட்பட ஏறக்குறைய எல்லாமே பாதி விலை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

தினமும் எங்காவது கிளம்புவோம், படகிலும் போவோம், டிக்கெட் கணக்கு பார்க்கப் பிடிக்காது என்கிற குடும்பத்துக்கு டிராவல் பாஸ். ஒரே பள்ளத்தாக்கில் தங்கி, நடந்து, ஒன்றிரண்டு பெரிய மலை மட்டும் ஏறுகிறவர்களுக்கு அரைக் கட்டண அட்டை. பாஸ் தொடர்ச்சியான நாட்களுக்கானது. நடுவில் ஓய்வு நாள் வைப்பதாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட நாட்களைத் தேர்ந்துகொள்ளும் ஃபிளெக்ஸ் வகையைப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து சூரிச் ஊருக்குள் போவது சில நிமிடப் பயணம். அதற்காகப் பாஸில் ஒரு நாளை வீணாக்க வேண்டாம், சாதா டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டுமா?

6 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. 6 முதல் 16 நிறையும் வரை சுவிஸ் ஃபேமிலி கார்டு இருந்தால் இலவசம். பெற்றோர் பாஸ் வாங்கும்போது இந்த அட்டையையும் காசு வாங்காமல் தருவார்கள். நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம். சில மலை ரயில்களில் பிள்ளைகளுக்கும் சின்னக் கட்டணம் உண்டு.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கூட அப்பாவோ அம்மாவோ இருந்தாக வேண்டும். நீங்கள் ஓட்டலில் ஓய்வெடுத்துக்கொண்டு பேரனைத் தாத்தா பாட்டியோடு அனுப்பினால் அந்த அட்டை செல்லாது. கல்லூரிக்குப் போகிற பிள்ளை என்றால் 25 வயது நிறையும் வரை டிராவல் பாஸில் 30 சதவீதம் தள்ளுபடி.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் கட்டாயம் போக வேண்டிய ஒன்றா?

தம்பதியாகப் போனால் அருமை. சின்னப் பிள்ளைகளோடு என்றால் யோசியுங்கள். செர்மாட்டிலிருந்து சென்ட் மோரிட்ஸ் வரை ஏறத்தாழ எட்டு மணி நேரம், 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். பேர்தான் எக்ஸ்பிரஸ், உலகிலேயே மெதுவாகப் போகிற எக்ஸ்பிரஸ் என்று அவர்களே பெருமையடித்துக்கொள்வார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு மலையும் போதும், பாலமும் போதும் என்று ஆகிவிடும். பாஸ் வைத்திருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். கூரை வரை கண்ணாடிதான், ஆனால் அது திறக்காது. போட்டோ எடுத்தால் எதிர் இருக்கைக்காரரின் சட்டையும் சேர்ந்து விழும்.

யாரும் சொல்லாத விஷயம் என்னவென்றால், அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், பாஸ் போதும், பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். முழு வழியையும் போகாமல் நல்ல துண்டுகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டெர்மாட்டிலிருந்து டிசென்டிஸ் வரை ஒன்று: 2,033 மீட்டர் உயரத்தில் ஓபரால்ப் கணவாயைத் தாண்டும், மே மாதத்தில்கூட இருபுறமும் பனி. அதைத் தொடர்ந்து டிசென்டிஸிலிருந்து கூர் வரை, ரைன் ஆறு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு வழியாக. இரண்டையும் சேர்த்தால் ஒரு பகல் பயணம்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் வழியில் வரும் லாண்ட்வாசர் பாலத்தை ரயிலுக்குள்ளிருந்து பார்ப்பதைவிட வெளியிலிருந்து பார்ப்பதே மேல். 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள். பாலம் முடிகிற இடத்தில் தரையே கிடையாது, ரயில் நேராகச் செங்குத்துப் பாறைக்குள் சுரங்கத்தில் நுழைந்துவிடும். ஃபிலிசூர் நிலையத்தில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்தால் பார்வை மேடைக்குப் போகலாம். சிவப்பு ரயில் வரும்வரை காத்திருங்கள், அடிக்கடி வரும்.

பெர்னினா எக்ஸ்பிரஸ்?

ஒரே ஒரு நீண்ட ரயில் பயணம்தான் முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கூரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை நான்கு மணி நேரம் போல. 2,253 மீட்டரில் ஓஸ்பிட்சியோ பெர்னினாவில் ஏரியின் ஓரமாகப் போய், அங்கிருந்து 429 மீட்டருக்கு இறங்குகிறது. மேலே ஸ்வெட்டர், கீழே அரைக்கைச் சட்டை. பல் சக்கரம் எதுவும் இல்லாமல் வெறும் சக்கரப் பிடிப்பிலேயே 7 சதவீதச் சரிவில் இறங்குவதுதான் இந்தப் பாதையின் கெட்டிக்காரத்தனம். புரூசியோவில் சட்டென்று உயரம் குறைக்க வேண்டும், இடமோ இல்லை. அதனால் வெட்டவெளியில் வட்டமாக ஒரு பாலம் கட்டி, ரயில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும்படி செய்திருக்கிறார்கள். பின்பெட்டியில் உட்கார்ந்தால் முன்பெட்டி கீழே வளைந்து போவது தெரியும். இந்தப் பாதை 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

இங்கேயும் அதே உத்திதான்: சென்ட் மோரிட்ஸிலிருந்து திரானோவுக்கு மணிக்கொரு சாதா ரயில் உண்டு. அதன் பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கிவிடலாம். திரானோ போகும் திசையில் வலதுபக்கம் உட்காருங்கள். பனியாறு, ஏரி, வட்டப்பாலம் எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் ஆல்ப் கிரூமில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். திரானோ இத்தாலி என்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்; ஷெங்கன் விசாவே போதும்.

லுசேர்னிலோ இன்டர்லாக்கனிலோ இருந்து ஒரே நாளில் போய்வருவது ரொம்ப அலைச்சல். கூரில் ஓர் இரவு தங்குங்கள்.

லுசேர்ன் – இன்டர்லாக்கன் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

லுசேர்னில் ஏறும்போது வலது பக்கம். சார்னென் ஏரி, லுங்கெர்ன் ஏரி இரண்டும் வலதுபுறம்தான் வரும். அப்புறம் 1,002 மீட்டரில் புரூனிக் கணவாயைத் தாண்டி மைரிங்கென் நிலையத்துக்கு வந்ததும் ரயில் திசை மாறி, வந்த பக்கமாகவே புறப்படும். அதுவரை முன்னோக்கி உட்கார்ந்திருந்தவர் இனிமேல் பின்னோக்கி. பதறி எழுந்து இடம் மாற வேண்டாம். அந்தத் திருப்பத்தால்தான் பிரீன்ஸ் ஏரியும் உங்கள் ஜன்னலுக்கே வந்து சேரும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற பயணம், முன்பதிவு கட்டாயமில்லை, பாஸில் அடக்கம். எப்படியும் ஓட்டல் மாறப் போகிற வழிதான் இது. காசு கொடுத்துப் போகும் பனோரமா ரயில்களுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததல்ல.

நேரம் இருந்தால் பிரீன்ஸில் இறங்கி மீதியைப் படகில் போங்கள். அதற்கும் பாஸ் செல்லும்.

கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ் எப்படி?

மோன்த்ரோவிலிருந்து இன்டர்லாக்கனுக்கு மூன்றேகால் மணி. 2022 டிசம்பரில்தான் மாறாமல் ஒரே ரயிலில் போகும் வசதி வந்தது. ட்ஸ்வைசிம்மெனில் தண்டவாளத்தின் அகலம் மாறும். அதற்கேற்ப ஓடும் ரயிலிலேயே சக்கரங்களின் இடைவெளியும் மாறிக்கொள்ளும். ஜெனீவாவில் விமானம் இறங்குகிறவர்களுக்குப் பொருத்தமான வழி. மற்றவர்கள் இதற்கென்று ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

யுங்ஃபிராவா, டிட்லிஸா, கோர்னர்கிராட்டா?

ஏதாவது ஒன்று. மூன்றுக்கும் போகிறவர்களுக்கு மூன்றாவது உச்சியில் பனி வெறும் பனியாகிவிடும், பர்ஸும் காலியாகிவிடும்.

யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 1912-இல் திறந்தது. பதினாறு ஆண்டு மலையைக் குடைந்திருக்கிறார்கள். அதனாலேயே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: கடைசிக் கட்டத்தில் ரயில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்துக்குள்தான் போகும். காட்சி உச்சியில்தான், ரயிலில் அல்ல. கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வரத் தள்ளுபடி இல்லாத கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும். போவதென்றால் கிரிண்டெல்வால்டிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் ஏறி, திரும்பும்போது கிளைனெ ஷைடெக், வெங்கன் வழியாக ரயிலில் இறங்குங்கள். இறங்கும் அந்த வழிதான் ரயில் ரசிகர்களுக்கானது.

கோர்னர்கிராட் 3,089 மீட்டர். செர்மாட்டிலிருந்து முக்கால்வாசி வெட்டவெளியிலேயே பல்சக்கர ரயில் ஏறும். மாட்டர்ஹோர்ன் வழியெல்லாம் ஜன்னலில் நிற்கும். ரயிலுக்காகவே போகிறவர் இதைத் தேர்ந்துகொள்ளுங்கள். டிட்லிஸ் லுசேர்னில் தங்குகிறவர்களுக்குப் பக்கம், சுழலும் கேபிள் கார் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நம் நாட்டு டூர் குழுக்களும் நிறைய வரும் என்பதால் முதல் சுற்றிலேயே ஏறிவிடுவது நல்லது.

கைக்குழந்தையையும் வயதானவர்களையும் அவ்வளவு உயரத்துக்குக் கூட்டிப்போகலாமா?

மூவாயிரம் மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கிடைக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அங்கே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. இதய நோய், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சளி பிடித்த பிள்ளைக்குக் கேபிள் காரில் காது வலிக்கும். மேலே போனதும் படியில் ஓடாமல் மெதுவாக நடக்க வேண்டும்.

இவர்களுக்கு ரீகி இருக்கிறது. 1,800 மீட்டருக்குள், பாஸில் இலவசம், தள்ளுவண்டியோடு ரயிலில் ஏறலாம், லுசேர்னிலிருந்து ஃபிட்ஸ்னாவ் வரை படகு, அங்கிருந்து ரயில். 1871-இல் ஓடத் தொடங்கிய அந்தப் பல்சக்கர ரயில்தான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தில் ஏறியவர்களுக்கு அந்தக் கடகட சத்தம் பழகியதுதான்; நீலகிரி ரயிலின் பழைய நீராவி இன்ஜின்களே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை.

ரயில் மாற ஆறு நிமிடம்தான் காட்டுகிறது. போதுமா?

போதும். அப்படித் திட்டமிட்டே அட்டவணை போட்டிருக்கிறார்கள். எஸ்பிபி ரயில்வேயின் செயலியில் எந்த நடைமேடை என்பதோடு, நடைமேடையின் ஏ, பி, சி, டி எந்தப் பகுதியில் உங்கள் வகுப்புப் பெட்டி நிற்கும் என்பதும் தெரியும். அங்கேயே போய் நில்லுங்கள். சில இரட்டை அடுக்கு ரயில்களின் மாடியில் சறுக்குமரத்தோடு குழந்தைகளுக்கான பெட்டி உண்டு. அதையும் செயலியே காட்டும். தவறவிட்டால் அடுத்த ரயில், அவ்வளவுதான். குறிப்பிட்ட ரயிலுக்கென்று மலிவு விலையில் எடுத்த டிக்கெட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் உஷாராக இருங்கள். இன்டர்லாக்கன் ஓஸ்டிலிருந்து கிளம்பும் மலை ரயில் ட்ஸ்வைலூட்ஷினென் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். பாதி கிரிண்டெல்வால்டுக்கு, பாதி லவுட்டர்புருன்னனுக்கு. அப்பா ஒரு பெட்டியிலும் பிள்ளைகள் வேறு பெட்டியிலும் ஏறினால் வெவ்வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்குவார்கள். ஏறுமுன் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ரயிலில் கட்டுச்சோறு பிரிக்கத் தடையில்லை. தயிர்சாதம் டப்பாவைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சமையலறை உள்ள அறையாகப் போட்டு, மிக்ரோஸ், கோப் கடைகளில் தயிர், அரிசி, காய்கறி வாங்கிக்கொண்டால் செலவு பாதியாகும். ஞாயிறன்று ஊருக்குள் கடைகள் மூடிவிடும். பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். குடிதண்ணீர் வாங்கவே வேண்டாம், தெருக் குழாய்களில் வருவதே நல்ல தண்ணீர். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வேண்டுமானால் சூரிச், பெர்ன் நகரங்களில் ஈழத்தமிழர்களின் கடைகள் இருக்கின்றன. பெர்னில் ஐரோப்பாபிளாட்ஸ் நிலையத்தருகே பல மதங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடத்தில் அவர்களுடைய சிவன் கோயிலும் உண்டு.

நாள் முழுக்க மழை என்றால்?

லவுட்டர்புருன்னன் பக்கம் இருந்தால் டிரும்மெல்பாக். மலைக்குள்ளேயே விழுகிற அருவி என்பதால் மழையில் எந்த நஷ்டமும் இல்லை. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மட்டும் அனுமதிக்க மாட்டார்கள். லுசேர்னில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது, ரயில் பிடித்த பிள்ளை அங்கிருந்து கிளம்ப மாட்டான்.

இன்னொரு வழி, மழையை விட்டே ஓடிவிடுவது. ஆல்ப்ஸின் வடக்கில் கொட்டும்போது தெற்கே டிச்சினோவில் பல நாட்களில் வெயிலடிக்கும். லுசேர்னிலிருந்து 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக ஒன்றரை மணிக்குள் பெல்லின்சோனா போய்விடலாம். மூன்று கோட்டைகள், இத்தாலியச் சாப்பாடு. திரும்பும்போது சுரங்க வழியை விட்டுவிட்டு, 1882-இல் திறந்த பழைய மலைப்பாதையில் வரும் ட்ரேனோ கோட்டார்டோ ரயிலில் ஏறுங்கள். வாசன் ஊரில் ரயில் வளைந்து வளைந்து இறங்குவதால் ஒரே தேவாலயம் மூன்று முறை வரும்: முதலில் கீழே, அப்புறம் நேராக, கடைசியில் தலைக்கு மேலே. முன்பதிவு கட்டாயமில்லை, பாஸ் செல்லும். சில ரயில்கள் லுசேர்னுக்குப் போகாமல் சூரிச்சுக்குப் போகும், அப்போது ஆர்ட்-கோல்டாவில் மாறிக்கொள்ளுங்கள்.